வீட்டில் செய்த ரொட்டி

கிடங்குக்காரன் வேலை முடிந்து வீட்டுக்குள் காலை வைத்தபோது எண்ணெய் பிழியும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே எள்ளும் இல்லை, கடலையும் இல்லை. சும்மா ஓடியது.

"ஓட்டாம வெச்சா இறுகிப்போயிருமாம், புக்லெட்ல போட்டிருக்கான்," என்றாள் மனைவி, அவன் கேட்காமலே. "அப்பப்ப சுத்த விடணும். பாவம், அதுக்கும் மரத்துப்போகும்ல."

அவனுக்கும்தான் மரத்துப்போயிருந்தது. ராத்திரி முழுக்கக் குளிர்கிடங்கில் உறைந்த மீன் பெட்டிகளை அடுக்கி, இறக்கி, மறுபடி அடுக்கிவிட்டு வந்திருக்கிறான். அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் அவனையும் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பாள்.

கடையில் விற்பதெல்லாம் விஷம் என்று அவள் முடிவு செய்த அன்று வாங்கியது மாவரைக்கும் மெஷின். அதோடு நின்றிருக்கலாம். ஆனால் மாவு வந்தால் பிசைய ஒன்று வேண்டும். பிசைந்ததைச் சுட ஒன்று. சுட்டதில் தடவ வெண்ணெய் வேண்டும், அதைக் கடைய ஒன்று. பாதாமைப் பாலாக்க ஒன்று, பால் எடுத்த சக்கையைக் காயவைக்க ஒன்று, காய்ந்த சக்கையை மறுபடி அரைக்க ஒன்று. டிக்கெட் வரிசையில் நிற்கும் ஒருவர் பின்னால் மொத்தக் குடும்பமும் வந்து சேர்ந்துகொள்வது போல, முதலில் வந்த மெஷின் மற்றதையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டது.

இப்போது தயிர் மெஷின் டிவி இருந்த இடத்தில் இருந்தது. டிவி எங்கே என்று யாரும் கேட்கவில்லை. முளைகட்டும் தட்டுகள் குளியலறை ஜன்னலில். மாவு பிசையும் மெஷின் படுக்கையறையில், கட்டிலில், அவன் படுக்கும் பக்கத்தில். ஆடினால் கீழே விழும் என்று தலையணை முட்டுக் கொடுத்து, குளிராமல் இருக்கப் போர்வையும் போர்த்தியிருந்தாள்.

இத்தனை இருந்தும் நேரத்துக்குச் சாப்பாடு கிடையாது. இரண்டு மெஷினை ஒன்றாகப் போட்டால் ஃப்யூஸ் போய்விடும். ஒன்று முடிந்துதான் இன்னொன்று. காலையில் கோதுமையைப் போட ஆரம்பித்தால் இருட்டும் நேரத்தில் ரொட்டி வரும். அந்த ரொட்டியும் ரொட்டியா? தட்டினால் கதவைத் தட்டுவது போல் சத்தம் கேட்கும். அவர்களுடைய ஒரே மகள் ஹாஸ்டலில் சேர்ந்து, எல்லாப் பிள்ளைகளும் மெஸ் சாப்பாட்டைத் திட்டி அழும்போது இரண்டாம் தடவை தட்டை நீட்டினாளாம். வார்டன் போன் செய்து, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று விசாரித்தார்.

மகள் விட்டுப்போன சின்ன அறைதான் கிடங்குக்காரனுக்கு மிச்சம். கால் நீட்டினால் சுவர், கை நீட்டினால் சுவர். ஆனால் கதவு இருந்தது. பகலில் அந்தக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவான். வெளியே ஓடுவது எது என்று கண்ணைத் திறக்காமலே தெரியும். கரகரப்பு என்றால் மாவு, ஊதல் என்றால் காயவைக்கும் மெஷின், அழுகை என்றால் பாதாம் பால். ஒருநாள் தெரு முழுக்கக் கரண்ட் போய் வீடு சட்டென்று அடங்கியது. தூக்கிவாரிப்போட்டு எழுந்தவன்தான், அப்புறம் கண் மூடவே முடியவில்லை. பசி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

அந்த அறைக்குத்தான் ஆபத்து வந்தது. கொண்டுவந்தவள் மனைவியின் அக்கா.

அக்காவும் மெஷின் வாங்குகிறவள்தான். தங்கையைவிட முன்னால் ஆரம்பித்தவள். அன்று புருஷனோடு வந்து, உட்கார இடம் தேடிக் கிடைக்காமல் நின்றபடியே எண்ணெய் மெஷினைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"இதையாடி வாங்கின? குளிரா பிழியுதுன்னு சொல்லிட்டு சூடா பிழியும். நான் தொட்டுப் பார்த்தே கண்டுபிடிச்சு ஓரங்கட்டிட்டேன்."

"உனக்கு ஓட்டத் தெரியலன்னா மெஷின் என்னக்கா பண்ணும்?"

"ஓட்டத் தெரிஞ்சவ வீட்டு ரொட்டிய தின்னுதான் உன் புருஷனுக்குப் பல்லு போச்சு போல."

கிடங்குக்காரன் வாயை மூடிக்கொண்டான். கடைவாய்ப்பல் போனது உண்மைதான். பெட்டி இடித்தது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான்.

"உன் வீட்டு ரொட்டி மட்டும் என்னவாம்? சுத்தி வெந்திருக்கும், நடுவுல சேறு. ஜன்னல் கண்ணாடி ஒட்டலாம்."

"அப்ப பார்த்துருவோமா?"

"பார்த்துருவோம்."

பேச்சு எங்கே போகிறது என்று ஆண்கள் இருவருக்கும் புரிவதற்குள் எல்லாம் முடிவாகிவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, இதே வீட்டில், ஆளுக்கொரு ரொட்டி. தீர்ப்புச் சொல்வது அவர்களுடைய தம்பி. தோற்றவள் தன்னிடமுள்ள மெஷின் அத்தனையையும் ஜெயித்தவளுக்குக் கொடுத்துவிட வேண்டும்.

"சமைக்கத் தெரியாதவளுக்கு மெஷின் எதுக்கு?" என்றாள் அக்கா.

"அதேதான் நானும் கேக்கறேன். ஆனா கடைச் சாமான் துளி கலந்தாலும் அங்கயே தோத்தாச்சு."

"உப்பு?"

"கடல் தண்ணிய காயவெச்சுக்கோ."

அக்காவின் புருஷன், அதாவது கிடங்குக்காரனின் சகலை, திரைச்சீலைக் கடை வைத்திருக்கிறவர். அதிகம் பேசமாட்டார். கிளம்பி வாசலில் செருப்பை மாட்டும்போது கிடங்குக்காரனை ஒரு மாதிரி பார்த்தார். கசாப்புக் கடையில் ஒரு ஆடு பக்கத்து ஆட்டைப் பார்ப்பது போல.

அவர்கள் போனதும் மனைவி சின்ன அறைக்குள் நுழைந்து சுவரை ஜாணால் அளந்தாள்.

"இங்க மேல வரைக்கும் ஷெல்ஃப் அடிச்சுட்டா அக்காவோடது எல்லாம் அடங்கிரும்."

"நான் எங்க படுக்கறது?"

"நீங்க வீட்ல இருக்கறதே பகல்லதான். பகல்ல யாரு படுப்பா?"

அந்த வாரம் கிடங்கில் பெட்டி அடுக்கும்போதெல்லாம் ஒரே யோசனை. மனைவி தோற்க வேண்டும். தோற்றால் வீட்டில் இருப்பதும் காலியாகும். கட்டில்கூடத் திரும்பக் கிடைக்கலாம். ஆனால் அவளுடைய ரொட்டியை நம்பி இருக்க முடியாது. அது கல் என்றால் அக்காவுடையது களிமண். கல் தோற்குமா, களிமண் தோற்குமா என்று யார் கண்டது? நிச்சயமாகத் தோற்க ஒரே வழி கடை ரொட்டி. தீர்ப்புச் சொல்லப்போகும் மச்சான் ஆம்புலன்ஸ் டிரைவர். ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கிற பேக்கரி ரொட்டியைத் தின்றே உயிர் வாழ்கிறவன். வாயில் வைத்ததும் கண்டுபிடித்துவிடுவான். மனைவி கத்துவாள். மாற்றி வைத்தது நான்தான் என்று காலில் விழுந்துவிடலாம். திட்டு கொஞ்ச நாள்தான், ஷெல்ஃப் அடித்தால் ஆயுளுக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை வேலை முடிந்து நேராகப் பேக்கரிக்குப் போனான். உள்ளே சகலை நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே!"

சகலை கையிலிருந்த ரொட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டார். "நாய்க்கு," என்றார்.

"உங்க வீட்ல ஏதுண்ணே நாய்?"

"தெரு நாய். நீ எதுக்கு வந்த?"

"நானும் நாய்க்குத்தான்."

"அதே நாய்க்கா?"

இருவரும் கொஞ்ச நேரம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பிஸ்கட்டுகளைப் பார்த்தார்கள். பிறகு சகலைதான் உடைந்தார்.

"தம்பி, நான் எங்க படுக்கறேன் தெரியுமா? பீரோவுக்கும் சுவத்துக்கும் நடுவுல. ஒருக்களிச்சு. திரும்பிப் படுக்கணும்னா எழுந்து வெளிய வந்து, திரும்பி, மறுபடி உள்ள போகணும். இதுல உன் வீட்டு மெஷினும் வந்தா நான் கடையில திரை மாதிரி தொங்க வேண்டியதுதான்."

"அண்ணே, நீங்க வயசுல பெரியவரு. நீங்க ஜெயிச்சுக்கங்க."

"பெரியவன்தாம்பா விட்டுக் குடுக்கணும். ஜெயிப்ப நீயே வெச்சுக்க."

"எனக்கு வேண்டாம்ணே. இருக்கறது ஒரு ரூமு."

"ரூமா! ரூம் இருக்கா உனக்கு? கதவு இருக்கா அதுல?"

"இருக்கு."

"தாழ்ப்பாள்?"

"இருக்குண்ணே," என்றான் கிடங்குக்காரன், குற்றவாளி போல.

பேக்கரிக்காரர் இடுக்கியைத் தட்டினார். "ரொட்டி வேணுமா, இல்ல ரெண்டு பேரும் சொத்து பிரிக்கறீங்களா?"

சகலை கையிலிருந்ததைப் பார்த்தார். மெதுவாகத் திரும்ப அடுக்கில் வைத்தார். "தாழ்ப்பாள் இருக்கறவன் அதக் காப்பாத்திக்கணும். எனக்கு இனிமே போறதுக்கு ஒண்ணும் இல்ல. போ, நல்லபடியா தோத்துட்டு வா." தோளைத் தட்டிவிட்டு வெளியே போய்விட்டார்.

இப்படியும் ஒரு மனுஷனா என்று கிடங்குக்காரன் வியந்தான். வியந்தபடியே ஒரு முழு ரொட்டி வாங்கிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டான்.

மனைவி குளிக்கப் போன நேரத்தில் ரொட்டி மெஷினின் மூடியைத் திறந்தான். அவள் ராத்திரியே சுட்டு வைத்தது உள்ளே கிடந்தது. எடுத்துக் கவிழ்த்தால் அடியில் ஒரு ஓட்டை. சுடுவதற்கு முன் மாவைக் கிளறிவிடும் துடுப்பு நிற்கும் இடம் அது. மெஷினில் சுட்ட ரொட்டி எல்லாவற்றுக்கும் உண்டு, கடை ரொட்டிக்குக் கிடையாது. யோசித்துவிட்டு, கடை ரொட்டியின் அடியில் கட்டைவிரலைச் செருகி ஒரு சுற்றுச் சுற்றினான். மேலே கொஞ்சம் மாவு தூவினான். ஓரத்தை அடுப்பில் காட்டிக் கருக்கினான். உள்ளே வைத்து மூடினான். மனைவியின் ரொட்டியை சின்ன அறைக்குள் கொண்டுபோய்க் கதவுக்கு முட்டாக வைத்தான். கதவு அசையவில்லை.

மதியம் எல்லாரும் வந்தார்கள். மச்சான் சீருடையோடு வந்திருந்தான். எந்நேரமும் கூப்பிடுவார்கள், சீக்கிரம் முடியுங்கள் என்றான். உட்காருவதற்காகத் தயிர் மெஷினைத் தரையில் இறக்கினார்கள். அக்கா தன் ரொட்டியைத் துணியில் சுற்றிக் கைக்குழந்தை போல ஏந்தி வந்திருந்தாள்.

மனைவி மெஷினைத் திறந்தாள். ரொட்டியை எடுத்தாள். ஒரு நொடி அவள் முகத்தில் ஓர் அதிர்ச்சி ஓடியது. அமுக்கினால் அமுங்கியது. அமுங்கியது எழுந்தது. அவள் கையில் அப்படி ஒன்று இதுவரை நடந்ததில்லை.

அக்கா துணியை விரித்தாள். அதுவும் அதே நீளம், அதே அகலம். அதற்கும் ஓரம் கருகியிருந்தது. கிடங்குக்காரன் சகலையைப் பார்த்தான். சகலை ஜன்னல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொழில்ரீதியாக.

பாவி மனுஷன், திரும்பிப் போய் வாங்கியிருக்கிறார்.

மச்சான் முதல் ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டான். மென்ற வாய் நின்றது. ரொட்டியைத் திருப்பினான். அடியிலிருந்த ஓட்டைக்குள் தன் கட்டைவிரலை விட்டுப் பார்த்தான். சரியாகப் பொருந்தியது. தலையைத் தூக்கிக் கிடங்குக்காரனைப் பார்த்தான். கிடங்குக்காரன் 'சொல்லு' என்பது போலத் தலையை ஆட்டினான்.

மச்சான் இரண்டாவது ரொட்டியைப் பிய்த்தான். மென்றான். திருப்பினான். விரலை விட்டான். சகலையைப் பார்த்தான். சகலையும் தலையை ஆட்டினார்.

"என்னடா?" என்றார்கள் அக்காமார் இருவரும் ஒன்றாக.

மச்சான் ஒரு பக்கம் மூத்தவளைப் பார்த்தான், மறுபக்கம் இளையவளைப் பார்த்தான். இருவர் கையிலும் ரொட்டி வெட்டும் கத்தி இருந்தது.

"ரெண்டும் ஒண்ணுதான்க்கா," என்றான். "ஒரே கை செஞ்ச மாதிரி இருக்கு."

சகோதரிகள் ஒருவர் ரொட்டியை ஒருவர் வாங்கித் தின்றார்கள். தின்று நின்றார்கள். மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது.

"அக்கா, எனக்கு இப்படி வந்ததே இல்ல."

"எனக்கு மட்டும் வந்திருக்கா? இன்னிக்குத்தாண்டி அந்த மெஷினுக்கு என் கை பழகியிருக்கு."

கிடங்குக்காரனுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்றான்.

"அது கடை ரொட்டி. நான்தான் வாங்கி வெச்சேன். இவ தோத்துட்டா."

மனைவி அவனைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டியாக்கா? கடை ரொட்டி மாதிரியே இருக்காம். பாராட்டக்கூடத் தெரியல."

"மாதிரி இல்ல, கடை ரொட்டியேதான். ஆஸ்பத்திரி எதிர் பேக்கரி."

"கடைக்காரன் இப்படிச் செய்வானா? அவன் என்னென்ன கலக்கறான்னு உங்களுக்குத் தெரியுமா? இதுல அந்த வாசனை இருக்கா? மோந்து பாருங்க."

சகலையும் எழுந்தார். அவசரமாக. "இதுவும் அங்க வாங்கினதுதான். இவளும் தோத்துட்டா. முதல்ல தோத்தவ இவதான்."

"நீங்க உக்காருங்க," என்றாள் அக்கா. "அவரு ஏதோ சொல்றாருன்னு நீங்களும் ஆரம்பிச்சாச்சு. வாழ்க்கையில ஒரு நாள், ஒரே ஒரு நாள், பொண்டாட்டி செஞ்சது நல்லாருக்குன்னு சொல்ல வாய் வருதா பாரு."

"டேய், நீ சொல்லுடா!" என்று கிடங்குக்காரன் மச்சானிடம் கெஞ்சினான்.

மச்சான் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தவன், குனிந்து தாழ்ந்த குரலில் சொன்னான். "மாமா, என் வண்டியில யாரும் நடந்து வந்து ஏறினதில்ல. நான் இங்கேருந்து நடந்து போகணும்னு பாக்கறேன்."

இரண்டு ரொட்டியும் சமம் என்றால் என்ன செய்வது என்று யாரும் பேசி வைக்கவில்லை. சகோதரிகள் எண்ணெய் மெஷினுக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் குசுகுசுத்தார்கள். கைகோத்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். இருவருக்கும் ஒரே கை வந்துவிட்ட பிறகு மெஷின்கள் ஏன் இரண்டு வீட்டில் கிடக்க வேண்டும்? இந்த வீடு தரைத்தளம், படி ஏற வேண்டாம். எல்லாம் இங்கேயே இருக்கட்டும். அக்கா தினமும் காலையில் வருவாள், சேர்ந்து சமைப்பார்கள்.

"ஷெல்ஃப் நாளைக்கே அடிச்சுரலாம்," என்றாள் மனைவி.

சகலை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் அவ்வளவு உயரம் என்று அதுவரை யாருக்கும் தெரியாது.

மெஷின்கள் ஆம்புலன்ஸில் வந்தன. மச்சானுக்கு வேறு வழியில்லை, அக்காமார் சொல்லிவிட்டார்கள். அக்காவின் மாவரைக்கும் மெஷினை ஸ்ட்ரெச்சரில் கிடத்தி பெல்ட் போட்டு இறக்கியபோது எதிர்வீட்டு அம்மாள் வெளியே வந்து, யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டாள். கிடங்குக்காரன், "நல்லா இருக்கு, பயப்பட ஒண்ணுமில்ல," என்றான். சின்ன அறையில் கூரை வரைக்கும் ஷெல்ஃப் ஏறியது. உள்ளே நுழைய வழியில்லாததால் கதவைக் கழற்றி வைத்தார்கள். தாழ்ப்பாள் கதவோடு போனது.

அதோடு விட்டதா? ரொட்டி பழையபடி கல்லாக வந்தால் சகோதரிகளில் ஒருத்தி இன்னொருத்தியைக் குறை சொல்வாள். மறுபடி போட்டி வரும். இந்தத் தடவை ஒருத்தி ஜெயித்தாலும் ஜெயித்துவிடுவாள், அப்புறம் ரொட்டி போய்க் கேக் வரும், அதற்குத் தனியாக மெஷின் வரும். அதனால் சகலைகள் முறை வைத்துக்கொண்டார்கள். ஒருநாள் இவன், ஒருநாள் அவர். சட்டைக்குள் ரொட்டி, அடியில் கட்டைவிரல், மூடியைத் திறந்து மாற்றிவைத்து மூடல். பேக்கரிக்காரர் அவர்களைக் கண்டதும், "நாய் நல்லா இருக்கா?" என்று கேட்பார். மெஷின் சுட்ட நிஜ ரொட்டிகளைக் கிடங்குக்காரன் ஷெல்ஃபுக்கு அடியில் முட்டுக் கொடுத்தான். அத்தனை பாரத்தையும் அவை தாங்கின. ஒன்றில்கூட விரிசல் விழவில்லை.

தூங்குவதற்குச் சகலை தன் வீட்டுச் சாவியைக் கொடுத்தார். "பகல் முழுக்கச் சும்மாதான்பா கிடக்கு. எங்க வேணா படு. நடுவுல படு."

கிடங்குக்காரன் போய்ப் பார்த்தான். அடுப்படி மேடை மொத்தமும் காலி. சுவரில் மெஷின்கள் இருந்த இடமெல்லாம் வெள்ளைச் சதுரங்கள். கூடத்தின் நடுவில் பாயை விரித்துக் கையையும் காலையும் நீட்டினான். எதுவும் இடிக்கவில்லை. ஜன்னல்களில் சகலையின் கடையிலிருந்து வந்த கனமான திரை. இருட்டு. சத்தமே இல்லை.

தூக்கம் வரவில்லை.

மறுநாளும் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. பசியாக இருக்கும் என்று பார்த்தால் வயிறு நிறையப் பேக்கரி ரொட்டி. கிடங்கில் பெட்டிகள் கைநழுவின. மேற்பார்வையாளர் கூப்பிட்டு, "இன்னொரு பெட்டி விழுந்தா நீயும் கிளம்ப வேண்டியதுதான்," என்று சொல்லிவிட்டார்.

ஒரு மத்தியானம் பாயில் கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தபோது கதவு திறந்தது. சகலை. கடையைச் சாத்திவிட்டு வந்திருக்கிறார். கண்ணுக்கடியில் கறுப்பு.

"நீயும் தூங்கலியா?" என்றார்.

"இல்லண்ணே."

"எனக்கும் இல்ல. இடம் ஜாஸ்தியா இருக்கு. எந்தப் பக்கம் திரும்பறதுன்னே தெரியல." பக்கத்தில் உட்கார்ந்தார். கூரையைப் பார்த்தார். பிறகு எழுந்துபோய், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் கையை விட்டுத் துணி மூட்டை ஒன்றை இழுத்தார்.

"ஒண்ணே ஒண்ணுதான். அன்னிக்கு வண்டியில ஏத்தும்போது ஒளிச்சு வெச்சுட்டேன். ஏன்னு கேக்காத."

துணியை அவிழ்த்தார். காயவைக்கும் மெஷின். மூடியில் விரிசல் விட்ட பழையது.

"உள்ள எதுவும் போடலியா?"

"எதுக்குப் போடணும்?"

ஸ்விட்சைத் தட்டினார். மெஷின் இருமியது, செருமியது, ஊத ஆரம்பித்தது. கிடங்குக்காரன் பாயைச் சுருக்கிப் பீரோ ஓரமாக இழுத்துப் போட்டான். சகலை இடுக்குக்குள் ஒருக்களித்து நுழைந்துகொண்டார்.

"நாளைக்கு ரொட்டி யாரு முறை?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

கிடங்குக்காரன் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான்.